“நீ எந்தக் கட்சி?” என்று கேட்கிறார்கள்

கேள்வி: கல்யாணமாகி இந்தக் கிராமத்துக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஊருணியில் குப்பை கொட்டுகிறார்கள். வரத்துக்கால் தூர்ந்துபோய், நல்ல மழை பெய்தாலும் தண்ணீர் வந்து சேர்வதில்லை. இதைப் பற்றி வாயைத் திறந்தால் “நீ எந்தக் கட்சி, யார் பேசச் சொன்னது?” என்கிறார்கள். எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. வீட்டிலோ “நமக்கு எதுக்கு வம்பு” என்கிறார்கள். கட்சியில் சேராமல் ஊருக்கு எதுவும் செய்யவே முடியாதா?
– பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்

பதில்: முடியும், தங்கச்சி. உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மறந்துவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். நம் மாநிலத்தில் ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும் உண்டு, தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் பூட்டு, சாவி, ஆட்டோ மாதிரி பொதுவான சின்னம்தான். நிற்பவர் யாருடைய ஆள் என்று ஊருக்கே தெரியும், அது வேறு விஷயம். ஆனால் சட்டம் ஊராட்சியைக் கட்சிக்கு வெளியேதான் வைத்திருக்கிறது. ஊருணியைப் பற்றிப் பேச நீங்கள் யாரிடமும் அடையாள அட்டை காட்டத் தேவையில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், அதையொட்டி வந்த 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும், ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரையும் கிராம சபை உறுப்பினராக ஆக்கியிருக்கின்றன. நீங்கள் கல்யாணமாகி வந்தவர், அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் பெயர் இன்னும் அம்மா வீட்டு ஊர்ப் பட்டியலிலேயே கிடக்கிறதா? நிறைய மருமகள்களுக்கு இதுதான் நிலைமை, நாலைந்து வருடம் வாழ்ந்த ஊரின் சபையில் கணக்கிலேயே வர மாட்டார்கள். முகவரி மாற்றப் படிவம் 8-ஐ முதலில் கொடுங்கள். இணையத்திலும் செய்யலாம், வாக்குச்சாவடி அலுவலரிடமும் கொடுக்கலாம்.

அப்புறம், ஊருணி யாருடையது என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் அதன் சர்வே எண், பரப்பு, வகைப்பாடு எல்லாம் இருக்கும். வரத்துக்காலுக்குத் தனியாக ஒரு எண் இருக்கலாம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். “ஊருணி பாழாகிவிட்டது” என்று பேசினால் எல்லாரும் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். “இந்த சர்வே எண்ணில் இத்தனை ஏர்ஸ் பரப்பில் ஊருணி, இந்த எண்ணில் வரத்துக்கால், இந்த இடத்தில் மண் மூடியிருக்கிறது” என்று பேசினால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் இருந்தது, 2022இலிருந்து மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு ஆறு. அதில் நான் சூடுபட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவுக்குச் சாக்கடை வேண்டும் என்று கேட்டோம். எல்லாரும் தலையாட்டினார்கள், தீர்மான நோட்டு கைமாறிக் கைமாறி வந்தது, கையெழுத்துப் போட்டோம், டீ குடித்தோம், கலைந்துவிட்டோம். மூன்று மாதம் கழித்துத் தீர்மான நகலை வாங்கிப் பார்த்தால் எங்கள் சாக்கடையைக் காணோம். நாங்கள் கையெழுத்துப் போட்டது வெறும் தாளில், எழுதியது பிறகு! அன்று வந்த ஆத்திரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்து போய் மேசைக்கு முன்னாலேயே உட்கார்ந்தோம். யாரையும் திட்டவில்லை, பழையதைக் கிளறவில்லை, “எழுதினதை வாசிங்க சார், கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுறோம்” என்று மட்டும் சொன்னோம். எழுதினார்கள், வாசித்தார்கள், கடைசி வரிக்குக் கீழே குறுக்காக ஒரு கோடு போடச் சொன்னோம், போட்டார்கள். தீர்மான எண்ணைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டோம். சாக்கடை வர இன்னும் ஒன்றரை வருடம் ஆனது என்பது உண்மைதான், ஆனால் போகும் இடமெல்லாம் அந்த எண்ணைச் சொல்லியே கேட்டோம்.

தீர்மானத்தின் நிலை தெரியவில்லை என்றால் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு வெள்ளைத்தாள் மனு, 30 நாளில் பதில் தர வேண்டும், எதற்குக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. ஊராட்சி எதற்குச் செலவு செய்திருக்கிறது என்பதை இ-கிராம்ஸ்வராஜ் என்ற அரசு இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் ரசீதை மறக்காமல் வாங்குங்கள்.

கட்சிக்காரர்களைப் பற்றி என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். அவர்களை விரோதியாகப் பார்க்காதீர்கள். எல்லாக் கட்சிக்காரர் வீட்டிலும் அதே தண்ணீர்க் கஷ்டம்தான். எல்லாரிடமும் ஒரே தாளைக் கொண்டுபோங்கள், எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள், யாருடைய பேனரிலும் உங்கள் படம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைவர் மாறினாலும், தலைவர் இல்லாமல் தனி அலுவலர் வந்தாலும், அதே கேள்வியை அதே குரலில் கேளுங்கள். இரண்டு ஆட்சியிலும் அதையே கேட்டவரிடம் “யார் பேசச் சொன்னது” என்று எவரும் கேட்க முடியாது. உங்கள் பக்கத்து மேலூரில் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டும் அதைச் செய்யவில்லை, ஆயிரக்கணக்கானவர்கள் ரோட்டில் நடந்தார்கள். ஆனாலும் கட்சி பார்க்காமல் ஊர் ஒன்றாக நின்றது அங்கே பெரிய பலம்.

ஒன்றை மட்டும் நேராகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த ஊருணியில் எல்லாத் தெருக்காரர்களும் தண்ணீர் எடுக்கிறார்களா? காலனிப் பெண்கள் குடத்தோடு வந்தால் அங்கே இறங்க முடியுமா? முடியாதென்றால், கட்சி இல்லை என்று சொல்லிக்கொண்டே நீங்கள் ஒரு சாதிக்காக உழைத்தவராக ஆகிவிடுவீர்கள். மனுவில் முதல் பத்துக் கையெழுத்து வாங்கும்போதே அந்தத் தெருவுக்கும் போங்கள், தாளை நீட்டுவதற்கு முன்னால் உட்கார்ந்து அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஊருணியைவிடப் பெரிய குறை அங்கே இருந்தால் அதுவும் அதே மனுவில் ஏறட்டும்.

வீட்டில் பயப்படுவது நியாயம். தனியாகப் போகாதீர்கள், அவ்வளவுதான். மகளிர் குழுவில் இருக்கிறீர்களா? அங்கே மூன்று பேரைப் பிடியுங்கள். முதல் கூட்டத்துக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஊருணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவராக இருந்தால், அது நிறைந்து கிடந்த காலத்தை அவர் சொல்லட்டும், நீங்கள் சர்வே எண்ணைச் சொல்லுங்கள். படிவம் 8-ஐ இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். தீர்மான எண் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.