ஏஐ ஏஜென்டுக்கு எந்த பட்ஜெட்டை டிஃபால்டாக வைப்பது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் உண்டு. ஒய்நாப் (YNAB) என்ற வரவுசெலவுக் கணக்குச் செயலியில் வீட்டுக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு பட்ஜெட் வைத்திருக்கிறேன். மகன் அதை ஒரு ஏஐ ஏஜென்டோடு இணைத்துக் கொடுத்தான். செலவைச் சொன்னால் அதுவே எழுதிவிடுகிறது. சில நாள் 'எந்த பட்ஜெட்?' என்று கேட்கிறது, சில நாள் கேட்காமலே எழுதுகிறது. போன வாரம் மளிகைச் செலவு தோட்டக் கணக்கில் ஏறிவிட்டது. ஒன்றை நிரந்தரமாக வைக்க முடியுமா? எதை வைப்பது?

பதில்: முடியும். வீட்டு பட்ஜெட்டை வையுங்கள்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஏஜென்ட் ஒய்நாப்பிடம் எந்தச் செலவு விவரத்தைக் கேட்டாலும், எதை எழுதச் சொன்னாலும், எந்த பட்ஜெட் என்று சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அதை அந்த பட்ஜெட்டின் அடையாள எண்ணாகச் சொல்லலாம். 'லாஸ்ட்-யூஸ்ட்', அதாவது கடைசியாகப் பயன்படுத்தியது, என்றும் சொல்லலாம். உங்கள் ஏஜென்ட் கேட்காமல் எழுதிய நாட்களில் இந்த இரண்டாவது வழியில் போயிருக்க வாய்ப்பு அதிகம். முந்தின நாள் கொழுந்துப் பணம் வந்ததா என்று தோட்டக் கணக்கைத் திறந்து பார்த்திருப்பீர்கள். மறுநாள் சொன்ன மளிகையும் அங்கேயே போய்விட்டது. அதனால் 'லாஸ்ட்-யூஸ்ட்' எங்கே இருந்தாலும் எடுத்துவிடுங்கள். தானாக மாறுகிற ஒன்றை டிஃபால்ட், அதாவது பெயர் சொல்லாதபோது எடுத்துக்கொள்ளும் பட்ஜெட், என்று நம்பக் கூடாது.

வீட்டு பட்ஜெட்டைச் சொல்வதற்கு அதில்தான் தினமும் எழுதுகிறோம் என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. தவறு எப்படியும் நடக்கும். அது கண்ணில் படும் இடத்தில் நடக்கட்டும். பால், காய்கறி, கேஸ் என்று ஓடும் வீட்டுக் கணக்கில் உர மூட்டைச் செலவு வந்து விழுந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். பறிப்புக் கூலியும் கவ்வாத்துக் கூலியும் ஆயிரக்கணக்கில் நிற்கும் தோட்டக் கணக்கில் 400 ரூபாய் மளிகை விழுந்தால் யாருக்கும் தெரியாது. ஒரு கிலோ கொழுந்துக்கு என்ன செலவாகிறது என்று வருடக் கடைசியில் பார்க்கும்போது அந்தக் கணக்கே பொய்யாகிவிடும். சீசனில் அறை வாடகைக்கு விடுகிறீர்கள் என்றால் அதற்கு மூன்றாவது பட்ஜெட் போடுங்கள். பச்சை இலை விற்ற பணம் விவசாய வருமானம், வாடகைக்கோ வரிக் கணக்கு உண்டு. இரண்டையும் கலக்க விடாதீர்கள்.

சரி, எங்கே அமைப்பது? ஒய்நாப்பைப் பிரவுசரில் திறந்து வீட்டு பட்ஜெட்டுக்குள் போனால், மேலே முகவரியில் கோடுகளோடு 36 எழுத்து நீளத்துக்கு ஒரு எண் தெரியும். அதுதான் அடையாள எண். ஏஜென்டையும் ஒய்நாப்பையும் இணைக்கும் கருவியின் அமைப்புகளில் டிஃபால்ட் பட்ஜெட்டுக்கு இடம் இருந்தால் இந்த எண்ணை அங்கே போடச் சொல்லுங்கள். பெயரைப் போட வேண்டாம்; பெயரை நாளைக்கு மாற்றிவிடுவோம், எண் மாறாது.

அப்படி ஒரு இடமே கருவியில் இல்லாவிட்டால், ஏஜென்டின் நிரந்தரக் குறிப்பில் எழுதி வைக்கலாம்: 'பட்ஜெட் பெயர் சொல்லாவிட்டால் வீட்டு பட்ஜெட், அதன் எண் இது. தோட்டம், கொழுந்து, உரம், கூலி என்ற சொல் வந்தால் எழுதும் முன் கேள். எழுதியதும் பட்ஜெட் பெயரையும் தொகையையும் திருப்பிச் சொல்.' ஆனால் இது கருவியில் பதிந்த அமைப்பு அளவுக்கு உறுதியானது இல்லை. பேச்சு நீண்டால் ஏஜென்ட் குறிப்பை விட்டுவிடலாம். முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள். திருப்பிச் சொல்லும்போது 850 ரூபாய்ச் செலவு '-850000' என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஒய்நாப்பின் இணைப்பு வழியில் ஒரு ரூபாய் என்பது ஆயிரம் அலகு.

இன்னொரு வேலையும் அவசியம். இரண்டு பட்ஜெட்டிலும் 'பெட்ரோல்', 'இதர செலவு' என்று ஒரே பெயரில் பிரிவுகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் பெயரை மாற்றுங்கள்: 'வீட்டு பெட்ரோல்', 'தோட்ட பெட்ரோல்'. அப்போது தவறான பட்ஜெட்டுக்குப் போன ஏஜென்ட் அந்தப் பிரிவைக் காணாமல் திரும்பி வந்து கேட்க வாய்ப்பு உண்டு. ஒரே பெயர் இருந்தால் தயக்கமே இல்லாமல் எழுதிவிடும்.

டிஃபால்ட் கைகொடுக்காத ஒரு சந்தர்ப்பம் உங்களுக்குக் கட்டாயம் வரும். மார்கழி, தையில் உறைபனி விழுந்து கொழுந்து குறையும்போது வீட்டுப் பணத்தை எடுத்துத் தோட்டக் கூலி கொடுப்போம். 'வீட்டிலிருந்து தோட்டத்துக்கு 5000' என்று சொன்னால், டிஃபால்டைப் பிடித்துக்கொண்டு வீட்டில் மட்டும் கழித்துவிட்டு நிற்கும். இது இரண்டு பதிவு: வீட்டில் வெளியே, தோட்டத்தில் உள்ளே. இரண்டையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

டிஃபால்ட் வைத்துவிட்டதால் தோட்டக் கணக்கு பூட்டப்பட்டதாக நினைக்க வேண்டாம். ஏஜென்டை இணைக்க ஒய்நாப்பில் எடுக்கும் தனிப்பட்ட டோக்கன் (ரகசியச் சாவி மாதிரி) உங்கள் எல்லா பட்ஜெட்டையும் திறக்கும். அதை யாருக்கும் அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப்பில்கூட. ஏப்ரலில் புது வருடத்துக்குப் புது பட்ஜெட் தொடங்கினால் அதற்கு எண்ணும் புதிது. பழைய எண்ணை மாற்றாவிட்டால் செலவெல்லாம் போன வருடக் கணக்கில் போய்ச் சேரும்.

ஏற்கெனவே தவறாக ஏறிய மளிகைச் செலவை ஒரு பட்ஜெட்டிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே நகர்த்த முடியாது. வீட்டில் அதே தேதியில் புதிதாக எழுதுங்கள், அப்புறம் தோட்டத்தில் இருப்பதை அழியுங்கள். அழிக்கும் வேலையை ஏஜென்டிடம் விடாமல் நீங்களே கையால் செய்யுங்கள்.