ஆயுள் முழுக்க ஹோஸ்டிங் என்றால் யாருடைய ஆயுள்?

கேள்வி: தனியார் கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர் மார்லோவின் ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’ நாடகத்தின் 1604ஆம் ஆண்டுப் பிரதியை, பாடபேதங்களோடும் குறிப்புரையோடும் மின்பதிப்பாகக் கொண்டுவர ஆசை. எம்.ஏ. மாணவர்கள் மூன்று பேர் உதவத் தயார். ஒரு நிறுவனம் தட்டச்சு, வெப்சைட், ஐஎஸ்பிஎன் என்ற நூல் எண், டிஓஐ என்ற இணைய அடையாள எண், ஆயுள் முழுக்க ஹோஸ்டிங் எல்லாம் சேர்த்து 1.5 லட்சம் ரூபாய் கேட்கிறது. அறிமுகப்படுத்தியவர் தன்னை இணைப் பதிப்பாசிரியராகப் போடச் சொல்கிறார். இந்த மாதமே அட்வான்ஸ் வேண்டுமாம். கட்டலாமா? – வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: கட்டாதீர்கள்.

அவர்கள் விலை போட்டிருப்பதில் பாதி இலவசமாகவே கிடைக்கிறது. ஐஎஸ்பிஎன்னுக்கு ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் விண்ணப்பித்தால் கட்டணம் இல்லை. வெப்சைட்டுக்கு அது எதற்கு என்பது வேறு விஷயம். நம் ஊரில் அந்த எண் இல்லாவிட்டால் செய்த வேலையை வேலையாகவே மதிக்க மாட்டார்கள், அதை வைத்துத்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. டிஓஐ வேண்டுமா? ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம் நடத்தும் ஸெனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் ஃபைலை ஏற்றினால் காசு வாங்காமல் கொடுத்துவிடுகிறார்கள்.

தட்டச்சுக் கதையும் இதேதான். மிச்சிகன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய டெக்ஸ்ட் கிரியேஷன் பார்ட்னர்ஷிப் திட்டம், 1700 வரை அச்சான ஆங்கில நூல்களைத் தட்டச்சு செய்து, 2015 ஜனவரி 1 அன்று 25,000க்கும் மேற்பட்டவற்றை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டது. 2020இல் இன்னொரு பெரிய தொகுதியும் வந்தது. முதலில் அங்கே தேடுங்கள். இருந்தால், அந்த நிறுவனமும் அதைத்தான் இறக்கி உங்களிடம் விற்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். மைக்ரோஃபிலிம் படங்களைப் பார்த்துத் தட்டியவை அவை. படிக்க முடியாத எழுத்து வந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளிகளைத் தீர்ப்பதுதான் உங்கள் மாணவர்களுக்கான முதல் வேலை.

இனி அந்த ‘ஆயுள்’. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பெஸ்ட் 1996இல் இன்டர்நெட் ஷேக்ஸ்பியர் எடிஷன்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுப் பதிப்பாசிரியர்கள் உழைத்தார்கள், ஒவ்வொரு பதிப்பும் சக அறிஞர்களின் மதிப்பீட்டுக்குப் போய் வந்தது. அப்பேர்ப்பட்ட தளத்தின் சர்வர் மென்பொருளே பழசாகிப்போய், 2018 கடைசியில் நிறுத்த வேண்டியதாயிற்று. பல்கலைக்கழகத்திலேயே இலக்கியம், வரலாறு போன்ற மானுடப் புலங்களுக்கான கணினிப் பிரிவு ஒன்று இருந்ததால், பக்கங்களை, சர்வரில் நிரல் ஓடத் தேவையில்லாத நிலையான எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றிக் காப்பாற்றினார்கள். பதிப்புகள் இப்போது ஜெனெல் ஜென்ஸ்டட் தலைமையில் அங்கேயே நடக்கும் லெம்டோ என்ற திட்டத்துக்குக் குடிபெயர்கின்றன. அதிலும் ஒரு சிக்கல்: பழைய தளம் தனக்கென்று சொந்தமாகக் குறியீட்டு முறை வைத்திருந்தது. அதையெல்லாம் டிஇஐ என்ற பொது முறைக்கு மாற்ற ஆட்கள் உட்கார்ந்து உழைக்க வேண்டியிருந்தது. ஒரு பல்கலைக்கழகத்துக்கே இந்தப் பாடு. உங்கள் நிறுவனம் டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

டிஇஐ என்றதும் பயப்படாதீர்கள். பிரதிக்குள் எது என்ன என்று எழுதிவைக்கும் முறை, அவ்வளவுதான். ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’டின் 1599 பிரதியைப் பாருங்கள். ஜூலியட்டின் அம்மா பேசும்போது அச்சுக்காரர் ஓரிடத்தில் ‘மனைவி’ என்கிறார், இன்னோரிடத்தில் ‘சீமாட்டி’, வேறோரிடத்தில் ‘அம்மா’. வாசகருக்குப் புரிந்துவிடும், கணினிக்குப் புரியாது. மூன்று பேர் என்று எண்ணிக்கொள்ளும். அச்சில் உள்ளதை மாற்றாமல், மூவரும் ஒருவரே என்று உள்ளே ஒரு குறிப்பு வைக்கிறோம். இதை வெப்சைட் டிசைனர் செய்ய முடியாது, நாடகம் படித்தவர்தான் செய்ய வேண்டும். நிறுவனம் தருவது வேர்டு ஃபைலிலிருந்து வெட்டி ஒட்டிய அழகான பக்கமாக இருக்கும். தேடினால் ஒன்றும் சிக்காது.

ஆகவே யாரோடு பேசினாலும் முதல் கேள்வி, டிஇஐ முறையில் குறியிட்ட மூலஃபைல்கள் (எக்ஸ்எம்எல்) யார் கையில் இருக்கும் என்பதுதான். வீட்டைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் பட்டாவைத் தன் பேரில் வைத்துக்கொள்ளும் ஆசாமிகள் இந்தத் துறையிலும் உண்டு. ஒப்பந்தம் முடிந்ததும் “மூலஃபைல் தருவதற்குத் தனிக் கட்டணம்” என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழு அப்படிக் கொடுத்து மீட்டது. டேட்டாபேஸ் இல்லாமல், சர்வரில் ஓடும் நிரல் இல்லாமல், வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாகக் கேளுங்கள். விக்டோரியாவில் எண்டிங்ஸ் என்ற திட்டமே இதற்காக நடந்தது. பதிப்பைத் தொடங்கும்போதே அதை எப்படி முடித்து வைப்பது என்று யோசிக்கச் சொல்கிறார்கள்.

படங்கள் விஷயத்தில்தான் கொஞ்சம் நிதானம் தேவை. இங்கே எல்லாரும் வழுக்குவார்கள். நாடகம் நானூறு வருடப் பழசு, காப்புரிமை இல்லை. தட்டச்சுப் பிரதியும் பொதுச்சொத்து. ஆனால் பக்கத்தின் புகைப்படம் வேறு கணக்கு. இணையத்தில் புழங்கும் பழைய மைக்ரோஃபிலிம் படங்கள் புரோகுவெஸ்ட் நிறுவனத்தின் சந்தாவுக்குள் இருப்பவை. நண்பரின் கடவுச்சொல்லில் இறக்கியதை உங்கள் தளத்தில் போட முடியாது. வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகம் தன் படங்களைத் தாராளமாகத் திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் உங்களுக்கு அது உதவாது, ஏனென்றால் 1604 ஃபாஸ்டஸில் உலகத்தில் மிஞ்சியிருப்பது ஒரே பிரதி, அது ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஆகவே அவர்களுக்குத்தான் எழுத வேண்டும். எத்தனை பக்கம், எதற்கு, விளம்பரம் உண்டா இல்லையா என்று தெளிவாகச் சொல்லுங்கள். ‘வணிக நோக்கமின்றி’ என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தால், நிறுவனம் ஓரத்தில் ஒரு விளம்பரம் ஓட்டினாலே சிக்கல், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அனுமதி வராவிட்டால் படத்தை விட்டுவிட்டு இணைப்பு மட்டும் கொடுங்கள். இணைப்பும் நிரந்தரமில்லை: 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் சைபர் தாக்குதலுக்கு ஆளானபோது அதன் மின்படங்களை நம்பியிருந்த தளங்கள் எல்லாம் திண்டாடின. அதனால், தாள் மடிப்புகளின் வரிசை தெரிவதற்காகச் சில தாள்களின் அடியில் அச்சாகியிருக்கும் மடிப்புக் குறியை வைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘ஏ2’, ‘பி3’ என்று பிரதிக்குள்ளேயே பதிந்துவையுங்கள். படம் போனாலும் எந்தப் பக்கம் என்பது போகாது.

பண உதவியைப் பற்றி என்னிடம் நல்ல செய்தி இல்லை. செய்வதற்குப் பணம் தருவார்கள், செய்ததைக் காப்பாற்ற யாரும் தருவதில்லை. அமெரிக்க அரசின் மானுடப் புலங்களுக்கான நிதியமோ 2025 ஏப்ரலில், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்களைப் பாதியில் நிறுத்தியது. அதனால் தனிக்கடை போடாதீர்கள். லெம்டோ போன்ற திட்டங்களுக்கு எழுதி, இந்த நாடகத்தை ஏற்கெனவே யாராவது எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் அவர்களோடு குறியிடும் வேலையில் சேரலாம், இல்லையென்றால் அதிகம் சீண்டப்படாத வேறு நாடகம் கேட்டுப் பெறலாம். பயிற்சி, மதிப்பீடு, பதிப்பு குடியிருக்க ஒரு தளம் மூன்றும் அங்கே சேர்ந்து கிடைக்கும்.

அப்புறம், பெயர் கேட்கும் அந்த மனிதர். டிஇஐ ஃபைலின் தலைப்பகுதியில் யார் எந்த வேலை செய்தார் என்று எழுதத் தனி இடமே இருக்கிறது. தட்டச்சு செய்தவர், மூலத்தோடு ஒப்பிட்டவர், குறியிட்டவர், பிழை பார்த்தவர் என்று தனித்தனியாக எழுதலாம். உங்கள் மாணவர்கள் மூவரின் பெயரும் முதல் நாளே அங்கே ஏற வேண்டும், முடிந்தால் கையில் கொஞ்சம் பணமும். இதே நாடகம் 1616இல் வேறு வடிவத்திலும் அச்சானது. அந்தப் பிரதியில் 1604இன் 36 வரிகள் இல்லை, புதிதாக 676 வரிகள் சேர்ந்திருக்கின்றன. இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாடபேதப் பட்டியல் தயாரித்துத் தருகிறாரா என்று அவரைக் கேளுங்கள். தந்தால் பெயரைப் போடுங்கள்.