ஒலிவ் செதிலில் கிறீம்: கேட்டவர்களுக்குப் பதில்

மாங்குளத்திலிருந்து: அக்கா, ஒலிவெம் 1000 என்று வெள்ளைச் செதில் வாங்கி வைத்திருக்கிறேன். இது மெழுகா, கெமிக்கலா?

தங்கச்சி, பார்க்க மெழுகு மாதிரித்தான் இருக்கும், வேலை வேறு. இது குழம்பாக்கி, கடைக்காரர் எமல்சிபையர் என்பார்கள். ஒலிவ் எண்ணெயின் கொழுப்பமிலங்களைக் கொழுப்பு மதுசாரத்தோடும், சர்க்கரை வழியில் வரும் சோர்பிட்டனோடும் இணைத்துத் தொழிற்சாலையில் செய்கிறார்கள், அதனால்தான் லேபிளில் சீட்டெரைல் ஒலிவேட், சோர்பிட்டன் ஒலிவேட் என்று இரண்டு பெயர் இருக்கும். மூலம் தாவரம்தான், ஆனால் செக்கில் ஆட்டி எடுத்தது இல்லை. ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், மறுமுனை எண்ணெயைப் பிடிக்கும். தோலுக்கு மென்மையானது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

புதுக்குடியிருப்பிலிருந்து: முதல் தடவை செய்யப்போகிறேன், அளவு சொல்லுங்கள்.

100 கிராமுக்கு: தண்ணீர் 73, தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 15, செதில் 5, கிளிசரின் 4, சீட்டைல் அல்ககோல் 2, கிருமி வளராமல் தடுக்கும் பாதுகாப்பி 1. அல்ககோல் என்ற பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது கிறீமைத் தடிப்பாக்கும் கொழுப்பு, தோலை உலர்த்தாது. கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். தண்ணீரையும் கிளிசரினையும் ஒரு பாத்திரத்தில், எண்ணெய், செதில், சீட்டைல் மூன்றையும் இன்னொன்றில் போட்டு, இரண்டையும் கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்து 75 பாகை வரை சூடாக்குங்கள். செதில் ஒன்றுகூட மிதக்காமல் எண்ணெய் தெளிந்த பிறகு இரண்டையும் சேர்த்துக் கைப் பிளெண்டரால் அடியுங்கள். அந்த நிமிடம்தான் அழகு: மஞ்சள் எண்ணெய் கண் முன்னே பாலாக மாறும். அப்புறம் 40 பாகைக்குக் கீழே வரும் வரை மெதுவாகக் கிளறி, பாதுகாப்பியைக் கடைசியில் சேருங்கள்.

நெடுங்கேணியிலிருந்து: கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பாவிக்கலாமா?

வேண்டாம். கொதித்தால் கிருமி சாகும், ஆனால் எங்கள் பக்கத் தண்ணீரில் கேத்தில் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புச் சத்து முழுதாகப் போகாது. வடித்த தண்ணீர் வாங்குங்கள்.

கிளிநொச்சியிலிருந்து: பச்சைக் கற்றாழை சேர்த்தேன், விற்றமின் ஈயும் விட்டேன், ஐந்தாம் நாள் கறுப்புப் புள்ளி வந்துவிட்டது.

முதலில் அதை எறியுங்கள் தம்பி, மேலால் வழித்துவிட்டுப் பாவிக்க வேண்டாம், பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும்போது உள்ளேயும் பரவியிருக்கும். விற்றமின் ஈ எண்ணெய் காறாமல் காக்கும், கிருமியைத் தடுக்காது. தண்ணீர் உள்ள எந்தக் கிறீமுக்கும் உண்மையான பாதுகாப்பி வேண்டும், பீனொக்சி எதனோல் என்றால் 1 வீதத்தைத் தாண்டக் கூடாது. பச்சைக் கற்றாழையை விட்டுவிடுங்கள், அதில் கிருமிக்குத் தேவையான சாப்பாடு எல்லாம் இருக்கிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் இன்னும் கெதியாகக் கெட்டுவிடும்.

முழங்காவிலிலிருந்து: தேய்க்கும்போது வெள்ளையாய் நுரைக்கிறது, விரலில் குறுணியும் படுகிறது.

இரண்டும் வேறு வேறு. நுரை வந்தால் செதிலை 4 ஆக்குங்கள், சீட்டைலையும் 1 ஆக்குங்கள். குறுணி வந்தால் செதில் சரியாக உருகவில்லை, அல்லது கிளறாமல் ஆறவிட்டிருக்கிறீர்கள்.

வவுனியாவிலிருந்து: கைக்குழந்தைக்குப் பூசலாமா?

மென்மையான பொருள்தான், ஆனாலும் வீட்டில் செய்த கிறீமைக் குழந்தைக்குப் பூசாதீர்கள் அம்மா, கிளினிக்கில் கேளுங்கள். பெரியவர்களும் முன்கையின் உள்பக்கத்தில் கொஞ்சம் பூசி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போக வேண்டும்.

ஒட்டுசுட்டானிலிருந்து: செதில் கிடைக்கவில்லை, தேன்மெழுகு போடலாமா?

மெழுகு மட்டும் தண்ணீரைப் பிடித்து வைக்காது, அடுத்த நாளே பிரிந்துவிடும். தண்ணீரே வேண்டாம் என்று, ஒரு பங்கு மெழுகை நான்கு பங்கு தேங்காய் எண்ணெயில் உருக்கி ஆறவிடுங்கள். பித்தவெடிப்புக்கு நல்ல களிம்பு அது, ஈரக்கை படாமல் எடுத்தால் பாதுகாப்பியும் தேவையில்லை.