சொந்தக் கணக்கில் டியூஷன் பணம்: சங்கம் பதிவதா, வேண்டாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டக் கோயில் மண்டபத்தில், நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து எஸ்பிஎம் தேர்வு எழுதும் பள்ளி மாணவர்களுக்கு இலவச டியூஷன் நடத்துகிறோம். நன்கொடை என் சொந்த வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. கோலாலம்பூர் நிறுவனம் ஒன்று 10,000 வெள்ளி தருவதாகச் சொல்லி, வரிவிலக்கு ரசீது கேட்கிறது. நாங்கள் சங்கம் பதிய வேண்டுமா? வெளிநாட்டு உதவி நிதியெல்லாம் நின்றுபோகிறதாமே, அது எங்களைப் பாதிக்குமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025 ஜூலையோடு உதவி வழங்குவதை நிறுத்திவிட்டது. தன் அறக்கட்டளை 2045இல் மூடப்படும் என்று பில் கேட்ஸ் அறிவித்திருக்கிறார். அந்தப் பணம் உங்கள் மண்டபம் வரை வந்ததில்லை, அதனால் நேரடி நட்டம் இல்லை. ஆனால் வெளிநாட்டு நிதியை நம்பியிருந்த பெரிய அமைப்புகள் இனி உள்ளூர் நிறுவனங்களின் வாசலில் வரிசை பிடிக்கும் என்பது என் கணிப்பு. உங்களுக்குப் பின்னால் நிற்பவர் கையில் தணிக்கை செய்த கணக்கு இருக்கும். உங்கள் கையில் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்தான் இருக்கும்.

சரி, நிறுவனம் ஏன் ரசீது கேட்கிறது? 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால், மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். 24 விழுக்காடு வரி கட்டும் நிறுவனத்துக்கு 10,000 வெள்ளியில் 2,400 வெள்ளி மிச்சம். மாதம் 20 வெள்ளி அனுப்பும் பக்கத்து வீட்டு அக்கா இதைக் கேட்கவே மாட்டார். உங்களுக்கு நன்கொடை தருபவர்களில் பெரும்பாலோர் அக்கா மாதிரிதான் என்றால், இந்த ஒரு ரசீதுக்காக அவசரப்பட்டுச் சங்கம் தொடங்காதீர்கள்.

சங்கம் பதிய குறைந்தது 7 பேர் வேண்டும். மச்சானையும் அவர் நண்பரையும் பெயருக்குச் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். பதிவது ஒரு முறை, ஆண்டறிக்கை ஆண்டுதோறும். ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் அறிக்கையும் கணக்கும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். முதல் இரண்டு வருடம் உற்சாகமாக ஓடும். மூன்றாம் வருடம் செயலாளர் வேலை கிடைத்துச் சிங்கப்பூர் போய்விடுவார், பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும். அப்புறம் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், கவனிக்காமல் விட்டால் பதிவே ரத்தாகலாம்.

ஏற்கெனவே 44(6) அங்கீகாரம் உள்ள கல்வி அமைப்பு ஒன்றோடு சேர்ந்து செய்யுங்கள் என்பதே என் ஆலோசனை. லெட்டர்ஹெட்டை நம்பாமல் வருமான வரி வாரியத்தின் (எல்எச்டிஎன்) இணையத்தளப் பட்டியலில் பெயரைப் பாருங்கள். அவர்களுடைய சட்டவிதியில் கல்வி நோக்கம் இருக்க வேண்டும். பணம் அவர்கள் கணக்கில் விழுந்து, அவர்கள் ஒப்புதலோடு, பில்லுக்குப் பில் செலவாக வேண்டும். வாங்கிய அன்றே உங்களிடம் தள்ளிவிட்டு ரசீது மட்டும் எழுதித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். கோயில் நிர்வாகத்தின் கீழேயே இருந்துவிடலாமே என்று யோசிப்பீர்கள். திருவிழாக் கணக்கும் டியூஷன் கணக்கும் கலந்தால் அடுத்த நிர்வாகத் தேர்தலில் சண்டை நிச்சயம்.

ரசீதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் சொந்தக் கணக்குதான். இளவயதில் நான் இருந்த மன்றத்தின் பணம் தலைவர் பெயரில் இருந்தது. அவர் மோட்டார் விபத்தில் தவறிவிட்டார். வங்கி கணக்கை முடக்கிவிட்டது. துக்க வீட்டில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவருக்கும் அவர் மனைவியிடம் கேட்க வாய் வரவில்லை. ஜெர்சி தைத்த கடைக்குக் கைக்காசைப் போட்டுத்தான் கொடுத்தோம்.

உங்கள் ஊர்க்காரர், முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டு துண்டாகப் பிரித்து விற்கப்பட்ட தோட்டங்களை வாங்க, பால்மரம் சீவியவர்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டினார்கள். அந்தப் பணம் எவர் ஒருவரின் பையிலும் இல்லை, அவரவர் பெயரில் பங்காக இருந்தது.

இந்த வாரமே சம்பளம் வராத தனிக் கணக்கு ஒன்றைத் திறங்கள். ‘இது என் பணம் அல்ல’ என்று எழுதி ஐவரும் கையெழுத்திடுங்கள், வீட்டிலும் சொல்லி வையுங்கள். இது தற்காலிக ஏற்பாடுதான். அப்புறம் ஒரு நோட்டு. மொய் நோட்டில் பெயரும் தொகையும் எழுதுவோமே, அதே மாதிரி தேதி, பெயர், தொகை. எதிர்ப்பக்கத்தில் செலவும் பில் எண்ணும். மாதக் கடைசியில் இருவர் கையெழுத்திட்டு, பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போடுங்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) டின் குலுக்கி நன்கொடை திரட்டும் எண்ணம் இருந்தால், முதலில் போலீஸ் உரிமம் எடுங்கள். 1947ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது.

நிறுவனத்திடம் இப்படிச் சொல்லுங்கள்: ரசீது அந்த அமைப்பின் பெயரில் வரும், செலவுக் கணக்கு எங்களிடமிருந்து வரும். ஒப்புக்கொண்டால் நல்லது. உங்கள் குழுவின் பெயரில்தான் ரசீது வேண்டும் என்றால், இந்த ஆண்டு அந்தப் பணத்தை விட்டுவிடுங்கள். கூட்டத்துக்கு உண்மையாகவே ஏழு பேர் வரும் நிலை வந்த பிறகு பதியலாம்.