"புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள்: வகுப்பறைக் கேள்வி பதில்

கே: சர்க்யூட் தியரி எடுக்கிறேன். 60 பேர், 50 நிமிட பீரியட். "புரிஞ்சுதா?" என்றால் தலையாட்டுகிறார்கள், இன்டர்னல் தேர்வில் கோட்டை விடுகிறார்கள். எங்கே தொடங்குவது?

ப: ஹார்வர்டில் எரிக் மசூர் 1991 முதல் இயற்பியல் வகுப்பில் கையாண்ட முறை உங்களுக்குச் சரிப்படும். கருத்தைச் சோதிக்கும் ஒரே கேள்வி போதும். இதோ ஒன்று: 12 வோல்ட் சப்ளை, ஒரே மாதிரி மூன்று பல்புகள். ஏ தொடரில், அதையடுத்து பியும் சியும் பக்க இணைப்பில். சியைக் கழற்றினால் பி என்ன ஆகும்? 1. மங்கும் 2. மாறாது 3. பிரகாசமாகும் 4. அணையும்.

"பேரலலில் வோல்டேஜ் மாறாது" என்று மனப்பாடம் செய்தவர்கள் 2 என்பார்கள். வீட்டு வயரிங்கில் அது சரி; இங்கே ஏ குறுக்கே நிற்கிறது. முதலில் ஏயில் 8 வோல்ட், பியில் 4. சி போனதும் இரண்டிலும் 6 (ரெசிஸ்டன்ஸ் மாறாது என்று கொண்டால்). பி பிரகாசமாகும், ஏ மங்கும்.

ஒன்றரை நிமிடம் பேச்சே கூடாது. விடையை நோட்டில் எழுதட்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் விடை எண்ணுக்கு ஏற்ற விரல்களை நெஞ்சோடு ஒட்டிக் காட்டட்டும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாதபடி. சரியான விடை 18 பேருக்கும் குறைவு என்றால் திரும்ப நடத்துங்கள். 42 பேரைத் தாண்டினால் ஒரு நிமிட விளக்கத்தோடு நகருங்கள். இடைப்பட்டால், வேறு விடை சொன்னவரோடு 3 நிமிடம் வாதாடவிட்டு மறுபடி வாக்கு, பிறகு விளக்கம். மொத்தம் 9 நிமிடம்.

கே: இரண்டாவது வாக்கில் எல்லோரும் சேர்ந்து தப்பான விடைக்குப் போய்விடுகிறார்கள்.

ப: முதல் வாக்கின் எண்ணிக்கையை போர்டில் எழுதியிருப்பீர்கள். கூட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்வார்கள். எண்ணிக்கை உங்கள் தாளிலேயே இருக்கட்டும். முகத்தையும் கொஞ்சம் அடக்குங்கள். உங்கள் புருவத்தைப் பார்த்தே விடை கண்டுபிடிக்கிற பிள்ளைகள் உண்டு.

கே: சிலபஸ் முடியுமா?

ப: பீரியடுக்கு இரண்டு கேள்விக்கு மேல் போகாவிட்டால் முடியும். அந்த 18 நிமிடத்தை டெரிவேஷன் எழுதிப்போடும் நேரத்திலிருந்து எடுங்கள். ஜெராக்ஸ் கொடுத்து, முக்கியமான ஒரு வரியை மட்டும் காலியாக விடுங்கள்; அதை அவர்கள் நிரப்பட்டும்.

கே: "சார் நடத்தவே மாட்டேங்கிறார்" என்று எச்ஓடியிடம் (துறைத் தலைவரிடம்) புகார் போகிறது.

ப: போகும். 2019இல் ஹார்வர்டில் லெக்சர் கேட்டவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, செய்து கற்ற மாணவர்கள் தேர்வில் கூடுதலாகவே எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தங்குதடையில்லாத லெக்சர் எல்லாம் புரிந்த மயக்கத்தைத் தரும். முதல் வாரமே இதைச் சொல்லிவிடுங்கள். எச்ஓடிக்கு 2014இல் வந்த ஃப்ரீமன் குழுவின் தொகுப்பைக் காட்டலாம்: 225 ஆய்வுகள், வெறும் லெக்சரில் தோல்வி 33.8 சதவீதம், இப்படிப்பட்ட வகுப்புகளில் 21.8.

கே: வாக்குக்கு மார்க் போடலாமா?

ப: சரியான விடைக்குப் போடாதீர்கள், வாதாடாமல் டாப்பரின் விரலைப் பார்ப்பார்கள். அதே பல்பு கேள்வியில் சியைக் கழற்றுவதற்குப் பதில் ஷார்ட் செய்து, இன்டர்னலில் 2 மார்க்குக்கு வையுங்கள்.