பாதி இரவுகள், எண் போட்ட அறைகளில்

அச்சு இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். இயந்திரம் என்னைத் தேடி வராது. நான்தான் போக வேண்டும். இருபது ஆண்டுகளாக மாதத்தில் பாதி இரவுகள் விடுதிகளில் கழிகின்றன. அதைப் பற்றிப் பலரும் கேட்டவற்றுக்கு, பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எவ்வளவு நல்ல விடுதியானாலும் முதல் இரவு எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. போகப் போகப் பழகிவிடுமா?

பதில்: எனக்கு இன்னும் பழகவில்லை. பல வருடங்கள் தலையணையைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். புது இடத்தில் முதல் இரவு, மூளையின் இடது பாதி வலது பாதியளவுக்கு ஆழ்ந்து உறங்குவதில்லையாம். சிறு சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறதாம். பாதி மூளை வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறது. அதைப் படித்த பிறகு தலையணை மேலிருந்த கோபம் தணிந்தது.

முக்கியமான வேலை என்றால் முடிந்தவரை ஒரு நாள் முன்னதாகவே போய்விடுகிறேன். முதல் இரவைக் காவலுக்குக் கொடுத்துவிட்டு இரண்டாம் இரவில் தூங்கிக்கொள்ளலாம். அதற்கு வழியில்லாதபோது அந்தக் காவல்காரனுக்கு வேலையைக் குறைப்பேன். அறையிலுள்ள சின்னக் குளிர்பெட்டி உறுமினால் அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். திரைச்சீலைகளின் நடுவே வெளிச்சம் கசிந்தால், அலமாரியில் இருக்கும் கிளிப் வைத்த ஹேங்கரை எடுத்து இரண்டு சீலைகளையும் சேர்த்துக் கவ்வ வைப்பேன். பெட்டியில் எப்போதும் வீட்டுத் தலையணை உறை ஒன்று உண்டு. மூக்காவது ஏமாறட்டும்.

கேள்வி: எந்த மாடியில் அறை கேட்பீர்கள்? உயரே போனால் காட்சி நன்றாக இருக்குமே?

பதில்: காட்சியை நான் இருட்டிய பிறகுதான் பார்க்கிறேன், எல்லா ஊரும் அப்போது விளக்குப் புள்ளிகள்தான். மூன்றாம் மாடியிலிருந்து ஆறாம் மாடிக்குள் கேட்பேன். தெருச் சத்தம் ஓரளவு அடங்கியிருக்கும். தீயணைப்பு ஏணியும் பெரும்பாலும் எட்டும். லிப்டுக்குப் பக்கத்து அறையும், அடுத்த அறைக்குப் போக உள்கதவு வைத்த அறையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அந்த உள்கதவின் வழியே அடுத்த அறைக்காரரின் குடும்பக் கதை முழுவதும் நம் காதுக்கு வந்து சேரும்.

ஏணியைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்றால், ஒருமுறை பின்னிரவு மூன்று மணிக்கு அபாய மணி அலறியது. வெளியே வந்தால் நடைவழியில் விளக்கே இல்லை. அன்று மாலை அறைக்குள் நுழையும்முன், என் கதவுக்கும் படிக்கட்டுக்கும் இடையில் ஏழு கதவுகள் இருப்பதை எண்ணி வைத்திருந்தேன். சுவரைத் தடவி ஏழு கதவு நகர்ந்தேன், படிக்கட்டு அங்கேயே இருந்தது. கடைசியில் ஏதோ ஒரு மோட்டார் கருகியதுதான் என்றார்கள். ஆனால் 1980இல் லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் கிராண்ட் விடுதியில் தீப்பிடித்தபோது 85 பேர் இறந்தார்கள். தீ எரிந்தது கீழ்த்தளத்தில். இறந்தவர்களில் பலர் இருந்தது மேல்மாடிகளில். அவர்களைக் கொன்றது புகை. கதவுகளை எண்ணுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: சாவி அட்டையில் என் வங்கி அட்டை விவரமெல்லாம் பதிவாகியிருக்கும் என்கிறார்களே?

பதில்: பொதுவாக இல்லை. எந்தக் கதவு, எந்த நாள் வரை என்பதற்கான குறியீடுதான் இருக்கும். 1970களில் நார்வேக்காரர் டோர் சோர்னெஸ் உருவாக்கிய முறையின் வழித்தோன்றல் அது. புது ஆள் வந்ததும் பழைய அட்டைக்கு உயிர் போய்விடும். காந்தம் வைத்த கைப்பேசி உறைக்குள் சொருகினால் அதற்கு முன்பே போய்விடலாம்.

கேள்வி: தனியாகப் பயணம் செய்யும் பெண் நான். நீங்கள் ஆண், இருந்தாலும் கேட்கிறேன்: பாதுகாப்புக்கு என்ன செய்வது?

பதில்: என்னோடு வேலை பார்க்கும் அம்மையார் ஒருவரிடம் கற்றதைச் சொல்கிறேன். வரவேற்பு மேசையில் இருப்பவர் உங்கள் அறை எண்ணை உரக்கச் சொன்னால், உடனே வேறு அறை கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. நீங்கள் அழைக்காத ஒருவர் விடுதி ஊழியர் என்று சொல்லிக் கதவைத் தட்டினால், திறக்காமல் கீழே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். கதவுக்கடியில் சொருகும் ரப்பர் ஆப்பு ஒன்றை அந்த அம்மையார் கூடவே எடுத்து வருவார். இப்போது நானும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: மூட்டைப்பூச்சி பயம். மலிவான விடுதிகளைத் தவிர்த்தால் போதுமா?

பதில்: போதாது. அது விடுதியின் தரம் பார்த்து வருவதில்லை, யாரோ ஒருவரின் பெட்டியில் ஏறி வருகிறது. அறைக்குள் போனதும் பெட்டியைக் கட்டில்மேல் வைக்காமல் குளியலறைத் தரையில் வையுங்கள். பிறகு தலைமாட்டுப் பக்கம் விரிப்பை உயர்த்தி, மெத்தையின் தையல் ஓரத்தைக் கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள். கரும்புள்ளிகள் இருந்தால் அது அதன் கழிவு. பூச்சியே ஐந்து மில்லிமீட்டர் நீளம் இருக்கும், கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கண்டால் அறையை மாற்றச் சொல்லுங்கள். ஒட்டிய அறையோ நேர் மேல், கீழ் அறையோ வேண்டாம். வீடு திரும்பியதும் துணிகளைச் சுடுநீரில் துவைத்துவிடுங்கள்.

கேள்வி: சோப்பை எடுத்துப் போகலாமா?

பதில்: சோப்பு உங்களுடையது, துண்டு அவர்களுடையது. 1829இல் பாஸ்டனில் திறந்த டிரெமான்ட் ஹவுஸ் விடுதியே இலவச சோப்பு கொடுத்திருக்கிறது. கூச்சம் வேண்டாம்.

கேள்வி: முன்பதிவு செய்தும் இரவில் போனால் அறை இல்லை என்கிறார்கள். இது என்ன நியாயம்?

பதில்: எனக்கும் நடந்திருக்கிறது. நள்ளிரவில், உறுதிச் சீட்டு கையிலிருக்க, வேறொரு விடுதிக்கு அனுப்பினார்கள். பதிவு செய்தவர்களில் சிலர் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, இருக்கும் அறைகளைவிடக் கூடுதலாக விற்கும் விடுதிகள் உண்டு. கணக்குத் தப்பினால் கடைசியாக வருகிறவர்தான் அகப்படுவார். ஒரே ஓர் இரவு தங்குபவரானால் இன்னும் எளிது. அதனால் தாமதமாகும் என்று தெரிந்தால், மாலையிலேயே தொலைபேசியில் அழைத்து ‘இத்தனை மணிக்கு வருகிறேன்’ என்று சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு எனக்கு அப்படி நேரவில்லை.

கேள்வி: ஐயா, இதெல்லாம் சமாளித்துவிடுகிறேன். கதவைச் சாத்தியதும் ஒரு வெறுமை வருகிறதே, அதற்கு என்ன செய்வது?

பதில்: முதல் சில வருடங்கள் தொலைக்காட்சியைப் பார்க்காமலே ஓடவிட்டிருப்பேன், ஒரு குரலுக்காக. மொழி புரியாத ஊரில் அது இன்னும் மோசம். இப்போது ஓர் இரவுக்கென்றாலும் சட்டைகளை அலமாரியில் மாட்டுகிறேன், கண்ணாடியும் கைக்கடிகாரமும் எப்போதும் வலப்பக்கம்தான் இருக்கும். அந்த அறைக்கு நான் யாரென்று தெரியாது, நேற்று வேறொருவர், நாளை இன்னொருவர். அதற்குள் என் பொருள்கள் நாலு தங்கள் இடத்தில் இருந்தால் கொஞ்சம் தேவலாம்.

என் மகள் சிறியவளாக இருந்தபோது தினமும் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி, “அப்பா, இன்றைக்கு என்ன நம்பர்?” அறை எண்ணைச் சொல்வேன், ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். ஊர்ப் பெயர் அவளுக்குத் தேவைப்படவில்லை. 412இல் படுத்திருக்கிறேன் என்று வீட்டில் ஒருத்திக்குத் தெரியும் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. வெறுமை முழுதாகப் போயிற்றா என்றால், இல்லை.

கேள்வி: வீடு திரும்பினால் நிம்மதியாகத் தூங்குவீர்களா?

பதில்: போன மாதம் திரும்பிய அன்று, நடுராத்திரியில் எழுந்து விளக்குச் சுவிட்சை இடப்பக்கச் சுவரில் தேடினேன். அங்கே சுவிட்ச் இல்லை, அலமாரிதான் இருந்தது. முழங்காலில் நன்றாக அடி. சத்தத்தில் மனைவி விழித்து, “அறையை எத்தனை மணிக்குக் காலி செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்டாள்.