எப்படித் தெரியும் டீச்சர்?

வணக்கம் ஐயா,

பென்னாகரம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் வராந்தாக் கரும்பலகையில் 'இன்றைய ஆச்சரியம்' என்று ஒரு துணுக்கு எழுதிப் போடுவேன். மூன்று வருஷமாக நடக்கிறது. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், ஹீலியத்தை முதலில் சூரியனில் கண்டுபிடித்து அப்புறம்தான் பூமியில் கண்டுபிடித்தார்கள், இந்த மாதிரி. பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்து படிப்பார்கள்.

போன மாதம் 'சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து பார்த்தாலும் தெரியும்' என்று எழுதினேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து நின்று, "எப்படித் தெரியும் டீச்சர்? எங்க ஊர் மலை மேல நின்னு பார்த்தாலே தார் ரோடு நூலாட்டம்தான் இருக்குது" என்றான். இரவு தேடிப் பார்த்தேன். நான் எழுதியது தவறு. மறுநாள் சீக்கிரமே போய் அழித்துவிட்டேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

"பாடத்தை முடிக்கவே நேரம் இல்ல, இதெல்லாம் எதுக்கு?" என்று சக ஆசிரியர் ஒருவர் முன்பே கேட்டிருக்கிறார். அவர் சொல்வது சரிதானோ என்று இப்போது தோன்றுகிறது. இந்தத் துணுக்குகளால் பிள்ளைகளுக்கு உண்மையில் ஏதாவது நன்மை உண்டா? நிறுத்திவிடலாமா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சர்,

நிறுத்தாதீர்கள். ஆனால் அந்தப் பையன் கேட்ட கேள்வியைப் பலகையில் நிரந்தரமாக எழுதி வையுங்கள். மேலே ஆச்சரியம், கீழே 'எப்படித் தெரியும்?' என்று ஒரு கோடு. அந்தக் கோட்டை நிரப்ப முடியாத நாளில் துணுக்கே வேண்டாம்.

நீங்கள் தவறாக எழுதியதில் பெரிய குற்றம் இல்லை. சத்தமில்லாமல் அழித்ததுதான் எனக்கு வருத்தம். நிலா இங்கிருந்து சுமார் 3,84,000 கிலோமீட்டர். சுவர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் நீண்டு கிடந்தாலும் அகலம் சில மீட்டர்தான். தார் ரோட்டை வைத்து அவன் போட்ட கணக்கு மிகச் சரி. 2003-ல் விண்வெளிக்குப் போன முதல் சீன வீரர் யாங் லிவேய், திரும்பி வந்து, தன் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்று சொன்னார். அவர் நிலாவுக்குப் போகவில்லை, பூமியை ஒட்டித்தான் சுற்றினார். அங்கிருந்தே தெரியவில்லை. இதை அந்தப் பையன் கையில் சாக்பீஸ் கொடுத்து அவனையே எழுதச் சொல்லியிருக்கலாம். இன்னும் நேரம் போய்விடவில்லை.

நானும் துணுக்கு தின்று வளர்ந்தவன். மளிகைக் கடையில் பொட்டலம் கட்ட வாங்கிப் போட்ட பழைய வார இதழ்களிலிருந்து கத்தரித்து, ஒரு நீள நோட்டில் சோற்றுப் பசையால் ஒட்டி வைப்பேன். அந்த நோட்டு இப்போதும் இருக்கிறது. எறும்பு தன் எடையைப் போல இத்தனை மடங்கு தூக்கும், இன்ன ராஜா இத்தனை பெண்களை மணந்தான் என்று பக்கம் பக்கமாக. ஒன்றில்கூட அதை யார் கண்டார்கள், எப்படிக் கண்டார்கள் என்று ஒரு வரி கிடையாது. வாழ்க்கையில் என்னோடு கூட வந்தவை, வந்த வழி எனக்குத் தெரிந்தவை மட்டும்தான்.

உங்கள் பலகைக்கு நம் மண்ணிலிருந்தே ஒன்று தருகிறேன். அசோகர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பாறைகளில் வெட்டிய ஆணைகளில் இரண்டாவது, மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததைப் பற்றியது. தன் எல்லைக்கு அப்பால் உள்ளவர்கள் என்று சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. 1830-களில் ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேயர் அந்தப் பாறைகளில் இருந்த பிராமி எழுத்தைப் படித்துக் காட்டிய பிறகு, மூவேந்தரை அடையாளம் காண்பதில் சிரமம் இருக்கவில்லை. அவர்களுக்குச் சமமாக நிற்கும் இந்தச் சதியபுத்திரர் யார் என்பதுதான் பிடிபடவில்லை. சத்தியமங்கலத்துக்காரர் என்றார்கள். துளு நாட்டவர் என்றார்கள், காஞ்சி என்றார்கள், கோசர் என்றார்கள். அதியமான் மரபாக இருக்கலாம் என்று சொன்னவர்களும் உண்டு, ஆனால் ஊகம் ஊகமாகவே கிடந்தது. ஏறத்தாழ 140 வருஷம்.

1981-ல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை என்ற ஊரில், குன்றின் மேல் உள்ள குகையில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டைத் தொல்லியல் துறையினர் கண்டார்கள். ஒரே ஒரு வரி. 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பளி.' சதியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம். அந்த வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள் டீச்சர். முதல் சொல் மட்டும் பிராகிருதம், மீதி எல்லாம் தமிழ். தமிழில் இல்லாத 'ஸ'வுக்காக வடக்கு பிராமி எழுத்தைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். பாடலிபுத்திரத்து அரசன் எந்தப் பெயரால் நம்மை அறிந்திருந்தானோ, அந்தப் பெயரைத் தகடூர்க்காரன் பட்டமாகவே சூடியிருக்கிறான். தகடூர் என்பது நம் தருமபுரி. பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போகிற பிள்ளைகளுக்கு, தங்கள் ஊர் அசோகன் பாறையில் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா?

உங்கள் பையன் இதோடு விடமாட்டான். தகடூர் ராஜாவுக்குத் திருக்கோவிலூரில் என்ன வேலை என்று கேட்பான். கேட்கட்டும். அதற்குப் பதில் ஔவையார் வைத்திருக்கிறார். புறநானூற்றின் 99-ஆம் பாட்டில், அதியமான் கோவலூரை அழித்து வென்றதையும் அதைப் பரணர் பாடியதையும் அவர் சொல்கிறார். கோவலூர்தான் திருக்கோவிலூர். ஓலையில் வந்த பாட்டும் குகையில் கிடந்த வரியும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. இரண்டும் பொருந்துகின்றன. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே பாட்டில் இன்னொரு புதையலும் இருக்கிறது. 'அரும்பெறல் மரபின் கரும்பு இவண் தந்தும்' என்று அதியமானின் முன்னோரை ஔவை புகழ்கிறார். கிடைத்தற்கரிய கரும்பை இங்கே கொண்டுவந்தவர்களாம். கரும்பு வேறு எங்கிருந்தோ வந்தது என்ற நினைவு அந்த வரியில் தங்கியிருக்கிறது. இன்றைய தாவரவியலார் தடித்த கரும்பின் பிறந்த இடம் நியூ கினித் தீவு என்கிறார்கள். எப்படித் தெரியும்? ஒரு பயிரின் காட்டுச் சொந்தம் எங்கே தானாக முளைத்துக் கிடக்கிறதோ, அங்கேதான் அதன் பிறப்பைத் தேடுவார்கள். இந்தக் கரும்பின் காட்டுச் சொந்தம் அந்தத் தீவில் வளர்கிறது. ஔவைக்கு நியூ கினி தெரியாது. வந்த பொருள் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. இதில் இன்னொரு கிளை. 1912-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் இந்தத் தடித்த கரும்பையும், ஆற்றங்கரையில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் நாணலையும் கலந்து 1918-ல் ஒரு புது ரகம் எடுத்தார்கள். பாலக்கோட்டு ஆலைக்குப் போகிற டிராக்டர் வேகத்தடையில் மெதுவாகும்போது பிள்ளைகள் பின்னால் ஓடிக் கரும்பு உருவுவார்கள் அல்லவா, அந்தக் கரும்பின் வம்சத்தில் நாணலும் உண்டு.

கொலை, கொள்ளைக் கதைகளைப் பள்ளியில் சொல்லலாமா என்று தயங்குவீர்கள். ஒன்றைச் சொல்லலாம். 1890-களின் கடைசியில் வங்காளத்து ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பணம் போயிருந்தது. சமையல்காரர் தொடங்கிப் பலர் மேல் சந்தேகம். உடைத்துத் துழாவிய பெட்டியில் ஒரு வங்காளப் பஞ்சாங்கம் இருந்தது, அதன் நீல அட்டையில் மங்கலாக இரண்டு பழுப்புக் கறை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒன்று வலது கட்டைவிரல் ரேகை. 1897-ல்தான் கல்கத்தாவில் உலகின் முதல் விரல்ரேகைப் பதிவகம் தொடங்கியிருந்தது. ரேகைகளை வகை பிரித்து அடுக்கும் முறைக்கு உழைத்தவர்கள் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். பெயர் கிடைத்தது அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்கு. இந்த அநியாயத்தையும் பிள்ளைகளிடம் சேர்த்தே சொல்லுங்கள். பஞ்சாங்கத்து ரேகை, திருட்டுக்காக ஏற்கெனவே சிறை போய் வந்த பழைய வேலைக்காரர் ஒருவரின் ரேகையோடு ஒத்துப்போனது.

இங்கேதான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். நீதிமன்றம் அவரைத் திருட்டுக்குத் தண்டித்தது, கொலைக்குத் தண்டிக்கவில்லை. ரேகை சொல்வது இந்தக் கை பெட்டிக்குள் போனது என்பதைத்தான். கத்தியைப் பிடித்தது இந்தக் கை என்று அது சொல்லவில்லை, பார்த்தவரும் இல்லை. ஒரு சான்று எவ்வளவு தூரம் பேசும், எங்கே வாயை மூடிக்கொள்ளும் என்பதை ஏழாம் வகுப்பிலேயே புரிந்துகொள்ள முடியும். ஸ்டாம்ப் பேடு ஒன்று கொண்டுபோய் வகுப்பு முழுக்க விரல் வைக்கச் சொல்லுங்கள், பாதி வேலை அதிலேயே நடந்துவிடும்.

அஞ்செட்டிப் பக்கம் ராகிக் காவலுக்குப் பரணில் இருந்தவர்களோடு ஓர் இரவு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு யானையின் குரல்கூடக் கேட்கவில்லை. திடீரென்று காட்டின் வேறு வேறு மூலையிலிருந்து இரண்டு கூட்டம் ஒரே நேரத்தில் வரப்புக்கு வந்து நின்றது. "பேசி வெச்சுக்கிட்டு வர மாதிரி வரும் சாமி" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். அவர் சொன்னது உவமை என்று அன்று நினைத்தேன். 1984-ல் கேட்டி பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு விலங்குக் காட்சிசாலையில் யானைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். சிறு வயதில் தேவாலயத்தில் பாடுகையில் ஆர்கனின் பெரிய குழாய் எழுப்பிய அதிர்வு அவருக்கு நினைவு வந்தது. ஒலிப்பதிவு செய்து வேகமாக ஓட்டிப் பார்த்தபோது, நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்த ஒலி சில கிலோமீட்டர் போகும். பரண் பெரியவர் சொன்னது வெறும் உவமையாக இல்லாமலும் இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. எழுதும் துணுக்குக்குப் பக்கத்தில் வருஷத்தையும் போடுங்கள். நம் மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தபோது கிருஷ்ணகிரியே நிமிர்ந்து நின்றது. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் காலம் அதையும் தாண்டிப் போனது. இதனால் மயிலாடும்பாறைக்குக் குறைவு ஒன்றும் இல்லை. கரியில் இருக்கும் ஒருவகைக் கார்பன் 5,730 வருஷத்தில் பாதியாகும் என்ற கணக்கில்தான் இந்தக் காலங்களைச் சொல்கிறார்கள். அதைச் சொல்லிக் கொடுத்தால், அடுத்த அகழாய்வுச் செய்தியைப் பிள்ளைகளே படித்துக்கொள்வார்கள்.

முடிந்தால் அந்த வகுப்பைத் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குக் கூட்டி வாருங்கள், நானும் வருகிறேன். அங்கே நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. கையில் வில்லோடு வீரன். நம் பகுதி நடுகற்கள் பலவற்றில் அவன் காலருகே சின்னதாக ஒரு கெண்டி செதுக்கியிருப்பார்கள், அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். போருக்குப் போனவன் பக்கத்தில் கெண்டி எதற்கு என்று அந்தப் பையன் கேட்டால், புறநானூறு 232-ஐ நான் படித்துக் காட்டுகிறேன். அதியமான் இறந்த பிறகு ஔவை பாடியது. நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி, வடித்த கள்ளைச் சிறு கலத்தில் வார்க்கிறார்களே, மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். அகழ்வைப்பகத்துக் கற்கள் அவனுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. அந்தச் சிறு கலம் மட்டும் அப்படியே வந்திருக்கிறது.

சனிக்கிழமை என்றால் எனக்கு வசதி. முன்கூட்டி ஒரு வரி எழுதுங்கள்.